கோடையில் நாயோடு மலையேறுகிறவர்கள் படிக்கவும்: பாலமதியில் என் மணிக்கு நடந்தது

மணியின் அப்பா (காட்பாடி)

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுத உட்கார நான்கு நாள் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை பாலமதி மலைப்பாதையில் என் நாய் மணி சாகக் கிடந்தான்.

லாப்ரடார் கலப்பு, 4 வயது, 28 கிலோ. தினமும் காலையில் பாலாற்றங்கரையில் என்னோடு மூன்று கிலோமீட்டர் நடப்பவன். அந்த தைரியத்தில்தான் கூட்டிப்போனேன். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. நண்பன் வர லேட்டாகி, அடிவாரத்தில் நடக்க ஆரம்பிக்கும்போது ஏழரை ஆகிவிட்டது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை பிறந்துவிட்டால் எட்டு மணிக்கே முதுகில் சுடும். எங்கள் இருவருக்கும் அவனுக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீர்தான் கையில் இருந்தது.

முதல் ஒன்றரை கிலோமீட்டர் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். அப்புறம் பின்தங்கினான். மர நிழல் கண்ட இடத்திலெல்லாம் நின்றான். அவன் நாக்கு அவ்வளவு நீளமாக வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. நுனி கரண்டி மாதிரி அகன்று வளைந்திருந்தது. எச்சில் கெட்டியாக நூல் நூலாகத் தொங்கியது. ஒரு வளைவில் படுத்தே விட்டான். "வாடா மணி, கோயில் வந்துடுச்சு" என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தான்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கூப்பிட்டேன் என்பதற்காக எழுந்து வந்தான். அடுத்த வளைவில் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வாந்தி எடுத்துச் சாய்ந்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது.

மேலே தண்ணீர் கேன் ஏற்றிப்போன ஒரு குட்டியானைக்காரர் வண்டியை நிறுத்தினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே இரண்டு கேனைத் திறந்து வயிறு, தொடை இடுக்கு, கழுத்து என்று முழுக்க ஊற்றினார். நண்பன் துண்டை வைத்து விசிறினான். பிறகு வண்டியின் பின்னால் காற்று படுகிற மாதிரி படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தோம். ஞாயிறு என்பதால் முதலில் போன இடம் பூட்டியிருந்தது. இரண்டாவது இடத்தில் டாக்டர் இருந்தார். தெர்மாமீட்டர் வைத்தபோது 106 டிகிரி. அவ்வளவு தண்ணீர் ஊற்றிய பிறகும் 106. வழியில் ஊற்றாமல் வந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார். இரண்டு நாள் டிரிப்ஸ். இப்போது வீட்டில் இருக்கிறான், சாப்பிடுகிறான்.

எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனையோ இருக்கும். நம் பக்கத்து மலைகளுக்கு நாயோடு போகிறவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

ஓட்டேரி அக்கா

படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது தம்பி. மணி நல்லபடியாகத் தேறட்டும். அந்தக் குட்டியானைக்காரர் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் நாய்க்குச் சூடு ஏறினால் ஈரத்துண்டைப் போர்த்திவிடுவோம். அது போதாதா?

மாட்டாஸ்பத்திரி தம்பி (ராணிப்பேட்டை)

அக்கா, நான் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறவன். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் துண்டே சூடாகி, உடம்புச் சூட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் நேராக உடம்பில் பட வேண்டும், அதன் மேல் காற்று அடிக்க வேண்டும். துண்டுதான் இருக்கிறது என்றால் கீழே விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்வை, அதுவும் பேருக்குத்தான். மற்றதெல்லாம் நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். அதன் இயல்பான சூடே நம்மைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மேடு ஏறும்போது சதை வேலை செய்து உள்ளே சூடு கூடிக்கொண்டே போகும். காற்றில் புழுக்கம் இருந்தால் மூச்சிரைப்பதும் பயன் தராது. 105, 106 தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் அடிபடும். ரத்தம் உறைகிற தன்மை கெட்டுப்போகும்.

மணியின் அப்பா பார்த்த ஒவ்வொன்றும் அறிகுறிதான்: பின்தங்குவது, நிழல் தேடுவது, நாக்கு அகலமாவது, கெட்டி எச்சில். அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். பின்னங்கால் தள்ளாடும் நேரத்தில் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, மணியின் அப்பா தயவுசெய்து கவனியுங்கள். பிழைத்துவிட்டான் என்று விட்டுவிடாதீர்கள். சில நாய்களுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சிறுநீரகக் கோளாறு தெரியும். மூத்திரம் பழுப்பாக இருக்கிறதா, மலத்தில் ரத்தம் இருக்கிறதா, வயிற்றுத் தோலில் ஊதா புள்ளிகள் தெரிகின்றனவா என்று தினமும் பாருங்கள். ஒருமுறை சூட்டில் விழுந்த நாய் அடுத்த முறை சீக்கிரம் விழும்.

சிப்பிப்பாறை ரசிகன் (குடியாத்தம்)

இதெல்லாம் வெளிநாட்டு நாய்களுக்குத்தான் சார். நம் நாட்டு நாய்க்கு வெயில் ஒன்றும் செய்யாது. என் சிப்பிப்பாறை மத்தியானத்தில்கூடக் கொல்லையில் ஓடும்.

மாட்டாஸ்பத்திரி தம்பி (ராணிப்பேட்டை)

அண்ணா, பாதி சரி. ஒல்லி உடம்பு, குட்டை முடி, நீள மூக்கு, பிறந்ததிலிருந்து பழகிய வெயில் எல்லாம் நாட்டு நாய்க்குச் சாதகம்தான். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாயைக் கோடையில் மலைக்கே கூட்டிப்போகக் கூடாது. ஆனால் கொல்லையில் ஓடும் நாய் தனக்குத் தோன்றினால் வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கழுத்தில் கயிறு கட்டி மேட்டில் கூட்டிப்போகும்போது அந்த வசதி அதற்கு இல்லை. எங்களிடம் வந்த கேஸ்களில் ராஜபாளையம் நாயும் உண்டு.

சிப்பிப்பாறை ரசிகன் (குடியாத்தம்)

நீங்கள் சொன்ன கோணத்தில் நான் யோசிக்கவில்லை தம்பி. ஒத்துக்கொள்கிறேன்.

முதல் நாய் (சத்துவாச்சாரி)

நான் புதிதாக வளர்க்கிறேன், ஆறு மாதக் குட்டி. தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போவது? தார் ரோட்டில் கால் சுடுமா?

ஓட்டேரி அக்கா

சுடுமாவா? உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரைக்கும் எண்ணுங்கள். முடியாமல் எடுத்தால் அதற்கும் முடியாது. வெறும் பாறையும் அப்படித்தான். நம் மலைகளெல்லாம் மொட்டைப் பாறை, சாயங்காலம் ஆறு மணிக்கும் கொதிக்கும். ஆறு மாதக் குட்டியைப் பெரிய ஏற்றம் ஏற்றாதீர்கள், எலும்பு இன்னும் முற்றவில்லை.

தண்ணீர் விஷயத்தில், சும்மா இருக்கும் நாளிலேயே கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும் என்பார்கள். 20 கிலோ நாய்க்கு அதுவே ஒரு லிட்டருக்கு மேல். மலைக்கு நான் அதற்குத் தனியாக இரண்டு லிட்டர் எடுப்பேன். உடம்பில் ஊற்ற இன்னொரு பாட்டில். ரொம்ப மூச்சிரைக்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் சில நாய்கள் குடிக்காது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். ஓடைத் தண்ணீரை நம்பாதீர்கள். தேங்கிய குட்டையில் எலி மூத்திரம் கலந்து லெப்டோ (எலிக்காய்ச்சல்) வரும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் என்றால் பாலாற்றுத் தண்ணீரில் வாய் வைக்கவே விடாதீர்கள், தோல் கழிவு கலந்த தண்ணீர்.

சாப்பாட்டிலும் ஒன்று சொல்ல வேண்டும். மலைக்குப் போனால் நாம் கட்டிக்கொண்டு போவது புளிச்சோறுதான். அதை நாய்க்குப் போடாதீர்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்கிறார்கள், அதே அமிலம் புளியிலும் இருக்கிறது. நான் தயிரில்லாமல் வெறும் சோறும் அவித்த முட்டையும் ஒரு டப்பாவில் எடுத்துப்போவேன். ஏறுவதற்கு முன் வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம், வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும்.

அணைக்கட்டு விவசாயி

நீங்கள் எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அடிவாரத்தில் இருப்பவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டவுனிலிருந்து வருகிறவர்கள் வண்டியை நிறுத்தியதும் நாயை அவிழ்த்து விடுகிறார்கள். பாவம், கட்டிக்கிடந்த நாய், ஓடட்டும் என்ற எண்ணம். அது எங்கே ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

முதலில் அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்காக நாட்டு வெடியைத் தீனிக்குள் வைத்துப் போடுகிறார்கள். சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கருப்பி அதைக் கடித்துவிட்டது. காலை ஐந்தரை மணி இருக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது, பட்டாசு என்று நினைத்தேன். கருப்பி வரப்பு மேல் நடந்துதான் வந்தது. வழக்கம்போல வாலை ஆட்டியது. கீழ்த்தாடை இல்லை. அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

அடுத்தது கரண்ட் வேலி. கடலைக் கொல்லையைச் சுற்றி முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பி, ராத்திரி திருட்டுக் கரண்ட் கொடுத்து, விடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். நாய் விழுந்து துடிப்பதைப் பார்த்து நீங்கள் ஓடிப்போய்த் தொட்டால் இரண்டு பேருமே போய்விடுவீர்கள். தொடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்துங்கள். சுருக்குக் கம்பியும் புதரடியில் இருக்கும். அதில் மாட்டிய நாய் இழுக்க இழுக்க இறுகும், பயத்தில் உங்களையே கடிக்கும். வாயை ஒரு துணியால் கட்டிவிட்டு எடுங்கள்.

அப்புறம் கிணறு. வடாற்காட்டுக் கிணறுகள் எப்படி என்று தெரியுமே. நாற்பது, ஐம்பது அடி ஆழம், சுற்றுச்சுவர் இல்லை, விளிம்பில் புல் மூடியிருக்கும். உடும்பையோ முயலையோ துரத்துகிற நாய்க்குக் கண்ணில் படாது. விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள், 101க்கு அடியுங்கள். தீயணைப்புக்காரர்கள் நாய்க்கும் வருவார்கள், எங்கள் ஊரில் வந்திருக்கிறார்கள்.

பழைய வடாற்காட்டுக்காரர்

என் நாய் கூப்பிட்டால் திரும்பி வரும். பதினைந்து வருடமாகக் காட்டில் அவிழ்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். நன்றாகப் பழக்கினால் போதும் என்பது என் அனுபவம்.

அணைக்கட்டு விவசாயி

ஐயா, உங்கள் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. திரும்பி வருவதுதான் எனக்குப் பயமே. ஜவ்வாது மலையில் கரடி இருக்கிறது. நாய் முன்னால் ஓடிப்போய்க் குலைக்கும், கரடி எழுந்து துரத்தும், நாய் நேராக உங்கள் காலடிக்குத்தான் வரும். பின்னாலேயே கரடியும் வரும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திரக் காட்டிலிருந்து யானை இறங்குகிறது. சிறுத்தையும் இருக்கிறது. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை, எங்கள் பக்கத்தில் திண்ணையில் கட்டியிருந்த நாயையே தூக்கியிருக்கிறது.

பழைய வடாற்காட்டுக்காரர்

கரடி விஷயம் உண்மைதான். ஜமுனாமரத்தூர் பக்கம் நானே தூரத்தில் பார்த்திருக்கிறேன். அன்று நாய் கூட இல்லை.

சரி, ஆறடிக் கயிறு கட்டுகிறேன். நீட்டிச் சுருங்கும் கயிறு வேண்டாம், புதரில் சிக்கும்.

ஏலகிரி வாசி

கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். பாறையில் வழுக்கினால் கழுத்தில் தொங்காது, முதுகுப் பிடியைப் பிடித்துத் தூக்கிவிடலாம். எங்கள் ஏலகிரியில் உள்ள சுவாமிமலை ஏற்றத்தில் அப்படி இரண்டு முறை என் நாய் ராணியைத் தூக்கியிருக்கிறேன்.

அனுமதி பற்றி யாரும் பேசவில்லையே. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் மலையேறக் கூடாது. 2024 முதல் ஆன்லைனில் பதிவு செய்து போகும் பாதைகளில் எங்கள் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் இருக்கின்றன. நாயைக் கூட்டிவரலாமா என்று ரேஞ்சர் ஆபீஸில் கேட்டுவிட்டு வாருங்கள். வேண்டாம் என்றால் மல்லுக்கு நிற்காதீர்கள்.

உண்ணிதான் எங்கள் பெரிய தலைவலி. மழை முடிந்த கார்த்திகை, மார்கழியில் ஒரு நடை போய்வந்தால் காது மடலுக்குள், விரல் இடுக்கில், வால் அடியில் ஒட்டியிருக்கும். ராணிக்குப் போன வருடம் மூக்கில் ரத்தம் வந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டாள் என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினேன். ரத்தம் பார்த்தால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிமட்டத்தில். உண்ணிக் காய்ச்சல். நான்கு வாரம் மாத்திரை. இப்போது வீட்டுக்குள் விடுவதற்கு முன் வாசலில் வெள்ளை வேட்டி விரித்துப் படுக்கவைத்து, மூக்கிலிருந்து வால்வரை விரலால் தடவிப் பார்க்கிறேன். மிளகு மாதிரி தட்டுப்பட்டால் அதுதான்.

மாட்டாஸ்பத்திரி தம்பி (ராணிப்பேட்டை)

அதை எடுக்க மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடி வைத்துச் சுடுவது எல்லாம் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். மாதா மாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரை இருக்கிறது, எடைக்கு ஏற்ப டாக்டர் தருவார்.

1932 முதல் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனம் இருக்கிற ஊர்க்காரன் என்ற முறையில் இதையும் சொல்லிவிடுகிறேன். வெறிநாய்க்கடி ஊசி, டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் ஒரு கொடிய வைரஸ் நோய்) சேர்ந்த ஊசி, லெப்டோ ஊசி மூன்றும் போடாத நாயைக் காட்டுப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். உங்கள் நாய்க்காக மட்டுமல்ல. 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது பலவற்றின் உடம்பில் டிஸ்டெம்பர் கிருமி இருந்தது. நாயிடம் இருக்கும் அதே நோய்தான்.

முதல் நாய் (சத்துவாச்சாரி)

பாம்பு கடித்தால்?

மாட்டாஸ்பத்திரி தம்பி (ராணிப்பேட்டை)

நம் பாறைக்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. செதிலை உரசி 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் போடும், நாய் அதை மோப்பம் பிடிக்க மூக்கை நீட்டும். அதனால் கடி பெரும்பாலும் மூஞ்சியிலோ முன்னங்காலிலோ இருக்கும். கண்ணாடி விரியனும் சுருட்டையும் கடித்தால் வீக்கம், ரத்தக் கசிவு. நல்ல பாம்பு கடித்தால் கண் சொருகும், மூச்சு திணறும். கட்டுவிரியன் கடித்த இடமே தெரியாது, கொஞ்ச நேரத்தில் கால் துவளும்.

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். நடக்க விடாமல் தூக்குங்கள், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் வீக்கம் ஏறும். வலிக்கிறதே என்று நம் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், இப்யூப்ரோஃபன் நாய்க்கு விஷம். மருந்து மனிதனுக்குப் போடும் அதே விஷமுறிவு ஊசிதான், இந்த நான்கு பாம்புக்கும் சேர்த்தே தயாரிப்பது. ஆனால் எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. வண்டியில் ஏறியதும் போன் செய்து, இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். இன்னும் நல்லது, மலைக்குப் போவதற்கு முந்தின நாளே கேட்டு வைப்பது. ஞாயிறு திறந்திருக்குமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

சிப்பிப்பாறை ரசிகன் (குடியாத்தம்)

வள்ளிமலை, சோளிங்கர் பக்கம் குரங்கு. சோளிங்கரில் 1305 படி, படிக்குப் படி குரங்கு. நாயைக் கண்டால் கூட்டமாக இறங்கும். நாயோடு அங்கே போகவே வேண்டாம். பாறை முகட்டில் மலைத்தேன் கூடு தொங்கினாலும் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். கலைந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடவும் நேரம் இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம், ஊசிப்புல். ஒரு விதை காதுக்குள் போய் என் நாய் மூன்று நாள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தது. டாக்டர் நீளமான இடுக்கியால் எடுத்துக் காட்டினார். நெல்மணி அளவுகூட இல்லை, நுனியில் பின்பக்கமாக முள். உள்ளே போகும், வெளியே வராது.

மணியின் அப்பா (காட்பாடி)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அணைக்கட்டு அண்ணா, கருப்பியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எழுதக் கஷ்டமாக இருந்திருக்கும்.

ராணிப்பேட்டை தம்பி சொன்ன பிறகு மூத்திரத்தைப் பார்த்தேன். நேற்றுக் காலை கொஞ்சம் டீ நிறத்தில் இருந்த மாதிரி தோன்றியது. உடனே கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தோம். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும் அளவு இல்லை என்றார். இன்னும் மூன்று நாள் டிரிப்ஸ். நீங்கள் சொல்லாமல் இருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

மெடிக்கலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, மணி பேரை எழுதி ஒட்டிவிட்டேன். இனி ஆடி கழியும்வரை அவனுக்கு மலை கிடையாது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, விடியற்காலையில் கரை வரைக்கும் ஒரு நடை, அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் நான் செருப்பை மாட்டியதும் வாசலுக்கு வந்து நின்றான். நடை தள்ளாட்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்து நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஓட்டேரி அக்கா

அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது தம்பி? ரிசல்ட் வந்ததும் இங்கே போடுங்கள்.

மணியின் அப்பா (காட்பாடி)

சனிக்கிழமை அக்கா. போடுகிறேன்.